பெஞ்ச் பிரஸ் செய்யும்போது மணிக்கட்டின் பின்புறம் வலி: நிறுத்தலாமா, தொடரலாமா?

நெல்லைத்_தண்டால்

வணக்கம். வயது 29. பகலில் வங்கி வேலை, மாலையில் ஜிம். பெஞ்ச் பிரஸில் (மல்லாந்து படுத்து எடைக்கம்பியை மேலே தள்ளும் பயிற்சி) 60 கிலோவைத் தாண்டியதிலிருந்து வலது மணிக்கட்டின் பின்புறம், நட்டநடுவில், ஒரு வலி. கம்பியைத் தாங்கியிலிருந்து எடுக்கும் நொடியில் சுருக்கென்று குத்துகிறது. ஏற்றி இறக்கும்போது கொஞ்சம் அடங்கி, திரும்பத் தாங்கியில் வைக்கும்போது மறுபடி வருகிறது. தண்டால் எடுத்தாலும் அதே இடம்தான். தரையிலிருந்து கம்பியைத் தூக்கி நிமிரும் டெட்லிஃப்டிலும், தொங்கி மேலேறும் புல்-அப்பிலும் வலியே இல்லை. கீழே விழவில்லை, அடிபடவில்லை, வீக்கமும் இல்லை.

எங்கள் மாஸ்டரிடம் கேட்டால், "புதுச் செருப்பு கடிப்பது மாதிரிதான், போகப் போகப் பழகிவிடும்" என்கிறார். மணிக்கட்டில் சுற்றும் பட்டை வாங்கிக் கட்டிப் பார்த்தேன். கட்டியிருக்கும்வரை தேவலை, கழற்றினால் பழைய கதை. சில மாதம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஓய்வெடுப்பதா, இப்படியே போவதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

செங்கை_ஸ்குவாட்

டெட்லிஃப்டில் வலி இல்லை, பிரஸிலும் தண்டாலிலும் வலிக்கிறது என்று நீங்களே பாதி விடையைச் சொல்லிவிட்டீர்கள். டெட்லிஃப்டில் எடை கையைக் கீழே இழுக்கிறது. மணிக்கட்டு தானாக நேராகிவிடும். பிரஸில் எடை மேலிருந்து அமுக்குகிறது. கம்பி விரல்களின் அடிப்பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் கை பின்னால் மடங்கி, மொத்தப் பாரமும் அந்த மடிப்பில் இறங்கும்.

ஒரு நண்பரைப் பக்கவாட்டில் நிற்க வைத்துப் படம் எடுக்கச் சொல்லுங்கள். கம்பி, மணிக்கட்டு, முழங்கை மூன்றும் ஒரே செங்குத்துக் கோட்டில் இருக்கின்றனவா என்று பாருங்கள். கம்பி மணிக்கட்டைவிடத் தலைப்பக்கம் தள்ளியிருந்தால் பட்டை, தைலம், ஓய்வு எதுவும் நிலையான தீர்வு தராது.

பழைய_கர்லா

வேலூரிலிருந்து எழுதுகிறேன். 2014இலும் 2018இலும் காமன்வெல்த் தங்கம் தூக்கிய சதீஷ் சிவலிங்கத்தின் ஊர். இங்கே தெருவுக்கு ஒருவர் பளு தூக்கியிருப்பார், எல்லாருக்கும் ஒரு மணிக்கட்டுக் கதை இருக்கும்.

அந்தக் காலத்தில் தரையில் உள்ளங்கையை ஊன்றித் தண்டால் எடுப்பவர்களைவிடத் தண்டால் கட்டையைப் பிடித்து எடுப்பவர்கள்தான் அதிகம். கட்டையைப் பிடித்தால் மணிக்கட்டு மடங்காது. பெரியவர்கள் காரணம் சொல்லவில்லை, கட்டையை மட்டும் கையில் கொடுத்தார்கள். இன்றைக்கு ஜிம்மில் கண்ணாடி இருக்கிறது, பாட்டு இருக்கிறது, ஒரு ஜோடி தண்டால் கட்டை இல்லை. தம்பி, தச்சரிடம் சொன்னால் செய்து தருவார். அதோடு கர்லாக்கட்டை சுற்றுங்கள். மணிக்கட்டு இரும்பாகும்.

குறுக்குக்_கேள்வி

வலிக்கிற மணிக்கட்டால் கர்லாக்கட்டை சுற்றச் சொல்வது வைத்தியமா, தண்டனையா?

பழைய_கர்லா

எடுத்தவுடன் பெரிய கட்டையைச் சுற்று என்று யார் சொன்னது? சின்னக் கட்டை இருக்கிறது. அதுவும் வலி தணிந்த பிறகு. எழுதியதை முழுதாகப் படித்துவிட்டுக் கேளுங்கள் ஐயா.

குறுக்குக்_கேள்வி

"வலி தணிந்த பிறகு" என்பது முதல் பதிவில் இல்லை. இப்போதுதான் வந்திருக்கிறது.

இயன்முறையாளர்

சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். இயன்முறை மருத்துவராகச் சில விஷயங்கள் சொல்கிறேன். இணையத்தில் படித்துவிட்டு யாரும் நோய் கண்டுபிடிக்க முடியாது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

மணிக்கட்டு என்று ஒரே பெயரில் சொல்கிறோம், உள்ளே எட்டுச் சிறிய எலும்புகள் இரண்டு வரிசையாக இருக்கின்றன. அதனால் "மணிக்கட்டு வலிக்கிறது" என்பது போதாது. ஒற்றை விரலால் தொட்டுக் காட்டச் சொல்லித்தான் நான் எப்போதும் ஆரம்பிப்பேன். நெல்லை நண்பருக்குப் பின்புறம், நடுவில். கையைப் பின்னால் மடக்கிப் பாரம் ஏற்றும்போது மூட்டின் பின்பக்க உறை எலும்புகளுக்கிடையே நசுங்குவதால் இப்படி வலிப்பது பரவலாகக் காணக்கூடியது. தரையில் உள்ளங்கை ஊன்றித் தண்டால் எடுக்கும்போது மணிக்கட்டு ஏறக்குறைய 90 டிகிரி மடங்குகிறது. பெரும்பாலானவர்களால் பாரம் இல்லாமல் தாமாக அவ்வளவு மடக்கவே முடியாது. ஆகவே கர்லா ஐயா சொன்ன தண்டால் கட்டையை நானும் வழிமொழிகிறேன்.

அதே இடத்தில் இன்னும் இரண்டைக் கவனிக்க வேண்டும். ஒன்று, கேங்லியான் என்கிற நீர்க்கட்டி. கையை முன்பக்கம் மடக்கினால் ரப்பர் மாதிரி ஒரு புடைப்பு தெரியலாம். சிறியதாக இருந்தால் வெளியே தெரியாமலே வலிக்கும். பல கட்டிகள் தாமாகவே மறைந்துவிடும். கனமான புத்தகத்தால் அடித்துக் கரைக்கும் பழைய வேலையை மட்டும் செய்யாதீர்கள். இன்னொன்று அரிது, ஆனால் 20 முதல் 40 வயதுள்ள ஆண்களிடம்தான் அதிகம் வரும்: கீன்பாக் நோய். நடுவிலுள்ள பிறைவடிவ எலும்புக்கு ரத்தம் போவது குறைந்து அது மெல்ல நலிவது. 1910இல் வியன்னாவைச் சேர்ந்த ராபர்ட் கீன்பாக் என்ற எக்ஸ்ரே மருத்துவர் இதை விவரித்தார். அடிபடாமலே வலி, நாளாக ஆகக் கை மடக்குவது குறைவது, பிடியில் பலம் குறைவது ஆகியவை இருந்தால் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுவது நல்லது. பயமுறுத்தச் சொல்லவில்லை. எடையைக் குறைத்து, பிடியைத் திருத்தி, சில வாரத்தில் வலி தணியாவிட்டால் எலும்பு மருத்துவரைப் பாருங்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

நெல்லைத்_தண்டால்

நன்றி. நண்பரை விட்டுப் படம் எடுத்தேன். செங்கை அண்ணன் சொன்னதேதான்: கம்பி விரல் அடியில் இருக்கிறது, கை பின்னால் சாய்ந்து கிடக்கிறது. இடது கையும் அப்படித்தான், ஆனால் அதில் வலி இல்லை. புடைப்பு எதுவும் தெரியவில்லை. இரண்டு கையும் ஒரே அளவு மடங்குகின்றன.

பிடியை எப்படி மாற்றுவது? நேராகப் பிடித்தால் கம்பி உருண்டு விழுந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

செங்கை_ஸ்குவாட்

விழாது. பெருவிரலைக் கம்பியைச் சுற்றிப் போட்டிருக்கும்வரை. பெருவிரலைச் சுற்றாமல் பிடித்தால் மணிக்கட்டுக்கு இதம் என்று சிலர் காணொளி போடுகிறார்கள், நம்பாதீர்கள். கம்பி நழுவினால் நேரே நெஞ்சில்தான். சர்வதேசப் பவர்லிஃப்டிங் கூட்டமைப்பின் விதிப்படி பெஞ்ச் பிரஸில் பெருவிரல் கம்பியைச் சுற்றித்தான் இருக்க வேண்டும்.

இப்படிச் செய்யுங்கள். விரல்களை மூடுவதற்கு முன், கையைக் கொஞ்சம் உள்பக்கம் திருப்பி வையுங்கள், பெருவிரல்கள் சற்றே கீழே பார்க்கும்படி. கம்பி இப்போது உள்ளங்கையில் குறுக்காகப் போகாமல், பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலிருந்து உள்ளங்கை அடிமேடு வரை சாய்வாகப் போகும். அடிமேட்டின் சதைப்பற்றில் எடையை இறக்குங்கள். அதற்கு நேர் கீழே முன்கை எலும்பு இருக்கிறது, அது தாங்கட்டும். பிறகு விரல்களை மூடிக் கம்பியை நசுக்குகிற மாதிரி இறுக்குங்கள். தளர்ந்த பிடியில்தான் மணிக்கட்டு சாயும். அச்சு அசலாக நேராக இருக்க வேண்டும் என்றில்லை. லேசான சாய்வு எல்லாருக்கும் உண்டு.

முதலில் வெறும் கம்பி. பிறகு 40 கிலோ. 60க்குத் திரும்ப அவசரமே வேண்டாம். தசை சீக்கிரம் பலமாகும், தசைநாணும் மூட்டு உறையும் பின்தங்கித்தான் வரும். எண்ணிக்கை ஏறுகிற சந்தோஷத்தில் அதை எல்லாரும் மறந்துவிடுகிறோம்.

இன்னொன்று. எடுக்கும்போதும் வைக்கும்போதும்தான் அதிகம் குத்துகிறது என்றீர்கள். தாங்கியின் உயரத்தைப் பாருங்கள். அது அதிகமாக இருந்தால் கையை எட்டி நீட்டி விரல்நுனியால் எடுக்க வேண்டியிருக்கும். பெஞ்சில் தாங்கியிலிருந்து வெகுதூரம் கீழே தள்ளிப் படுத்தாலும், தலைக்குப் பின்னாலிருந்து இழுக்கும்போது மணிக்கட்டு மடங்கும். ஒரு படி இறக்கி வையுங்கள். கனமான செட்டுக்கு யாரையாவது எடுத்துக்கொடுக்கச் சொல்லுங்கள்.

தாயும்_தம்பெல்லும்

இழைக்குள் நுழைவதற்கு மன்னிக்கவும், எனக்கும் மணிக்கட்டுதான். வேறு இடம். பெருவிரல் பக்கம், எலும்பு துருத்தியிருக்கும் இடத்துக்குச் சற்று மேலே. குழந்தை பிறந்து ஆறு மாதமாகிறது. மெல்ல தம்பெல்லும் கெட்டில்பெல்லும் ஆரம்பித்தேன். இப்போது தம்பெல்லைத் தூக்கினாலும் வலி, தோசைக்கல்லைத் தூக்கினாலும் வலி, குழந்தையைத் தூக்கினால் உயிர் போகிறது. மாமியார் "உனக்கு எதற்கு இந்த இரும்பு வேலை" என்கிறார். அவர் வாயை அடைக்கவாவது ஒரு காரணம் வேண்டும்.

இயன்முறையாளர்

சகோதரி, பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மற்ற விரல்களால் அதை மூடி, கையைச் சுண்டுவிரல் பக்கமாக மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். அந்த இடத்தில் சுள்ளென்று வலித்தால் டி குவெர்வெய்ன் நோயாக இருக்க வாய்ப்பு அதிகம். பெருவிரலை அசைக்கும் இரண்டு தசைநாண்கள் அங்கே ஒரு குறுகிய உறைக்குள் ஓடுகின்றன. உறை தடித்துவிட்டால் அவை உரசும். 1895இல் சுவிஸ் அறுவை மருத்துவர் ஃபிரிட்ஸ் டி குவெர்வெய்ன் எழுதியது. கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மார்களிடம் அவ்வளவு சகஜம்.

மாமியாரிடம் தைரியமாகச் சொல்லுங்கள்: பெரும்பாலும் முதல் காரணம் இரும்பு அல்ல, அவருடைய பேரப்பிள்ளை. குழந்தையின் அக்குளில் கை கொடுத்து, பெருவிரலை விரித்துத் தூக்குகிறோம் இல்லையா, ஒரு நாளைக்கு எத்தனை முறை! அதை மாற்றுங்கள். உள்ளங்கை மேலே பார்க்க, ஒரு கையைப் பிட்டத்துக்கு அடியிலும் மறுகையைத் தோளுக்குப் பின்னாலும் கொடுத்து, முன்கைகளால் அள்ளித் தூக்குங்கள். பாலூட்டும்போது குழந்தையின் தலையை மடங்கிய மணிக்கட்டால் தாங்காமல் தலையணை வைத்துக்கொள்ளுங்கள். பெருவிரலையும் சேர்த்து அசையாமல் பிடிக்கும் கைப்பட்டி (ஸ்பிளின்ட்) கிடைக்கிறது. மணிக்கட்டை மட்டும் பிடிப்பது இதற்குப் போதாது. சில வாரம் அது உதவும். அடங்காவிட்டால் மருத்துவர் அந்தத் தசைநாண் உறைக்குள் ஸ்டீராய்டு ஊசி போடுவார், பலருக்கு அதிலேயே சரியாகிவிடும். பாலூட்டுகிறீர்கள் என்பதை எந்த மாத்திரைக்கு முன்பும் சொல்லிவிடுங்கள்.

கெட்டில்பெல்லை இப்போதைக்கு விடுங்கள். கால் பயிற்சிகளுக்குத் தடையில்லை.

தாயும்_தம்பெல்லும்

சாய்த்துப் பார்த்தேன். கண்ணில் நீர் வந்துவிட்டது. உங்கள் பதிவைத் திரையிலேயே மாமியாரிடம் காட்டியாயிற்று. "அந்தக் காலத்தில் நாங்கள் பத்துப் பிள்ளை தூக்கவில்லையா" என்று பதில் வந்திருக்கிறது. மருத்துவரிடம் போகிறேன்.

மதுரை_இரும்பன்

எனக்கும் பெருவிரல் பக்கம்தான். போன வாரம் ஸ்கூட்டரிலிருந்து கையை ஊன்றி விழுந்தேன். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் கட்டு வைத்தியரிடம் போய் எண்ணெய் போட்டு உருவிக்கொள்ளச் சொல்கிறார்கள். பட்டை கட்டிக்கொண்டு நாளை டெட்லிஃப்ட் செய்யலாமா?

செங்கை_ஸ்குவாட்

வேண்டாம். இயன்முறையாளர் வரும்வரை எதையும் தூக்காதீர்கள்.

இயன்முறையாளர்

மதுரை நண்பருக்கு: பெருவிரலை நன்றாக விரித்து உயர்த்தினால் அதன் அடியில், மணிக்கட்டோரம், ஒரு சிறு பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தில் அழுத்தினால் வலிக்கிறதா? வலித்தால், எக்ஸ்ரே என்ன சொன்னாலும், ஸ்கேஃபாய்டு என்கிற படகு வடிவ எலும்பு முறிந்திருப்பதாகவே எண்ணி நடக்க வேண்டும். கை ஊன்றி விழுபவர்களுக்கு முறிகிற எலும்பு இது. முதல் எக்ஸ்ரேயில் கோடு தெரியாமல் போவது இதில் சாதாரணம். அதனால்தான் கட்டுப் போட்டு வைத்து 10 முதல் 14 நாட்கள் கழித்து மறுபடி எடுப்பார்கள், அல்லது எம்ஆர்ஐ எடுப்பார்கள்.

இந்த எலும்புக்குப் பெரும்பாலான ரத்தம் விரல் பக்க முனையிலிருந்து பின்னோக்கிப் போகிறது. நடுவில் முறிந்தால் பின்பக்கத் துண்டுக்கு ரத்தம் தடைபட்டு, முறிவு கூடாமல் போகலாம், துண்டு செத்தும் போகலாம். சில வருடம் கழித்து மூட்டுத் தேய்மானத்தோடு வருகிறவர்களில் "அப்போது சுளுக்கு என்று நினைத்தேன்" என்பவர்கள் உண்டு. உருவுதல் வேண்டவே வேண்டாம். நாளை போக வேண்டிய இடம் ஜிம் அல்ல, எலும்பு மருத்துவரிடம்.

பழைய_கர்லா

இதில் மருத்துவர் பக்கம்தான் நானும். சுளுக்குக்கு உருவலாம், முறிவுக்கு உருவக் கூடாது. எது சுளுக்கு, எது முறிவு என்று தெரிந்துகொண்ட பிறகுதான் எண்ணெய்க் கிண்ணத்தைத் தொட வேண்டும். நல்ல வைத்தியர் அவரே படம் எடுத்து வரச் சொல்வார்.

குறுக்குக்_கேள்வி

ஐயாவும் மருத்துவரும் ஒரே இழையில் இரண்டாவது தடவை ஒத்துப்போகிறார்கள். நிர்வாகிகள் கவனிக்கவும்.

எனக்கு உண்மையாகவே ஒரு சந்தேகம். பட்டை கட்டினால் மணிக்கட்டு பலவீனமாகிவிடும் என்று ஒரு கூட்டம், பட்டை இல்லாமல் தொடவே கூடாது என்று ஒரு கூட்டம். எது சரி? பளுதூக்கும் வீராங்கனை மீராபாய் சானு 2022 டிசம்பரில் பொகோட்டா உலகப் போட்டியில் மணிக்கட்டுக் காயத்தோடே 200 கிலோ தூக்கி வெள்ளி வாங்கினாரே. அவரால் முடிந்தால் நம்மால் ஏன் முடியாது?

செங்கை_ஸ்குவாட்

மீராபாய்க்குப் பின்னால் பயிற்சியாளரும் மருத்துவக் குழுவும் இருக்கிறார்கள். அந்த மேடைக்கு வருடத்தில் ஓரிரு நாள்தான், அதற்காக வலியைத் தாங்குவது அவருடைய தொழில். நாம் செவ்வாய்க்கிழமை மாலை பெஞ்ச் பிரஸ் செய்கிறவர்கள். நமக்கு யாரும் பதக்கம் தரப்போவதில்லை.

பட்டை விஷயம். முதலில் இரண்டைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். கம்பியோடு சேர்த்துச் சுற்றுகிற நாடா வேறு. அது பிடி நழுவாமல் இருக்க, இழுக்கிற பயிற்சிக்கு. மணிக்கட்டைச் சுற்றி இறுக்குகிற பட்டை வேறு. அது கை பின்னால் மடங்காமல் இருக்க, அமுக்குகிற பயிற்சிக்கு. போட்டியில் இந்தப் பட்டை 1 மீட்டர் நீளத்தையும் 8 செ.மீ. அகலத்தையும் தாண்டக் கூடாது.

ஜிம்மில் நான் பார்க்கிறவர்களில் நிறையப் பேர் பட்டையைக் கைக்கடிகாரம் கட்டுகிற இடத்தில், முன்கையில் கட்டுகிறார்கள். அது அலங்காரம்தான். மடிகிற கோட்டின் மேல் பட்டை பாதி ஏறி, உள்ளங்கை அடிமேட்டையும் கொஞ்சம் பிடிக்க வேண்டும். செட் முடிந்ததும் தளர்த்திவிட வேண்டும். விரல் மரத்துப்போகும் அளவுக்கு இறுக்கக் கூடாது. நான் கனமான கடைசி செட்களுக்கு மட்டும் கட்டுகிறேன். அதைக் கட்டினால் பிடி சரியாகும் என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். தவறான பிடியைப் பட்டை கொஞ்ச காலத்துக்கு மறைத்து வைக்கும், அவ்வளவுதான். வலி மாத்திரை போட்டுவிட்டு ஜிம்முக்கு வருகிறவர்களுக்கும் இதே பதில். அந்த வழக்கம் வயிற்றையும் சிறுநீரகத்தையும் வேறு கெடுக்கும்.

இயன்முறையாளர்

ஒரு சேர்க்கை. சுண்டுவிரல் பக்கம் வலிப்பவர்கள் யாராவது படித்துக்கொண்டிருந்தால்: நாற்காலியின் கைப்பிடியை ஊன்றி எழும்போதும், சாவி திருகும்போதும் அங்கே வலித்து, 'டக்' என்று சத்தமும் கேட்டால், அங்குள்ள முக்கோணக் குருத்தெலும்பில் கோளாறு இருக்கலாம். நேர்க்கம்பியில் பைசெப்ஸ் கர்ல் செய்வதும், ஸ்குவாட்டில் (எடையோடு உட்கார்ந்து எழுவது) கம்பியை முதுகில் தாழ்வாக வைத்துக் கையைக் குறுக்கிப் பிடிப்பதும் இதைக் கிளறிவிடும். வளைந்த கம்பிக்கோ தம்பெல்லுக்கோ மாறுங்கள். ஸ்குவாட்டில் கையை அகட்டிப் பிடியுங்கள், எடையை முதுகு தாங்கட்டும், கை அல்ல. சும்மா 'டக்' மட்டும், வலி இல்லை என்றால் கவலைப்பட வேண்டாம். பெருவிரல் முதல் மோதிரவிரல் வரை மரத்துப்போய் இரவில் எழுப்பினால் அது நரம்பு. அதற்கு மணிக்கட்டுப் பயிற்சி தேடிக்கொண்டிருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

நெல்லைத்_தண்டால்

தாமதமாக வருகிறேன். தாங்கியை ஒரு படி இறக்கினேன், பிடியை மாற்றினேன். இப்போது 45 கிலோவில் நிற்கிறேன். எடுக்கும்போது இருந்த குத்தல் போய்விட்டது. தண்டாலை அறுகோணத் தம்பெல்களைப் பிடித்துச் செய்கிறேன், தச்சர் இன்னும் கட்டை தரவில்லை. வலி முழுதாகப் போகவில்லை. பத்துக்கு இரண்டு என்று சொல்லலாம், அதுவும் செட் முடிந்த பிறகு. எவ்வளவு வலிவரை தொடரலாம்?

அடுத்த மாதம் கம்பியை முன்பக்கம் வைத்துச் செய்யும் ஃபிரண்ட் ஸ்குவாட் ஆரம்பிக்கச் சொல்கிறார் மாஸ்டர். அதில் கை இன்னும் மோசமாக மடங்குமே?

இயன்முறையாளர்

பத்துக்கு மூன்றைத் தாண்டாமல், மறுநாள் காலை பழைய நிலைக்கு வந்துவிட்டால் அதே எடையில் தொடரலாம். மறுநாள் கூடியிருந்தால் அந்த எடை அதிகம். இதோடு முன்கையை மேசையில் வைத்து, கையை வெளியே தொங்கவிட்டு, சின்னத் தம்பெல்லை மேலும் கீழும் மெதுவாக அசைக்கலாம். அரிசி வாளிக்குள் கையை விட்டு விரல்களை விரித்து மூடலாம். கர்லாக்கட்டையையும் இப்போது ஆரம்பிக்கலாம், ஐயா சொன்ன சின்னக் கட்டையில்.

செங்கை_ஸ்குவாட்

ஃபிரண்ட் ஸ்குவாட்டில் கம்பி உட்கார வேண்டிய இடம் தோள். கை அதைத் தாங்கவே கூடாது. முழங்கையை உயர்த்துங்கள், இரண்டு மூன்று விரல்நுனிகள் கம்பிக்கு அடியில் இருந்தால் போதும். முழங்கை உயரவில்லை என்றால் குற்றவாளி மணிக்கட்டாக இல்லாமலும் இருக்கலாம்: மேல்முதுகு, அக்குள் பக்கத்துத் தசை, கையின் பின்பக்கத் தசை இறுகியிருக்கும். அது இளகும்வரை இழுவை நாடாவைக் கம்பியில் இரண்டு பக்கமும் மாட்டி, அதைப் பிடித்துக்கொண்டு ஸ்குவாட் செய்யுங்கள். மணிக்கட்டு மடங்கவே மடங்காது.

மதுரை_இரும்பன்

இரண்டாவது எக்ஸ்ரே எடுத்தாயிற்று. படகு எலும்பில் கோடு தெரிகிறது, விலகவில்லை. மாவுக்கட்டுப் போட்டிருக்கிறார்கள், இடது கையால் தட்டச்சு செய்கிறேன். அறுவை தேவைப்படாது என்கிறார் மருத்துவர், ஆனால் வாரக்கணக்கில் ஆகுமாம். இதுவரை ஏற்றிய பலமெல்லாம் போய்விடுமே என்றுதான் கவலை. மற்ற கையை மட்டும் பயிற்சி செய்தால் ஒரு பக்கம் பெருத்துவிடாதா?

இயன்முறையாளர்

பெருக்காது, மாறாக உதவும். ஒரு கையைப் பயிற்றுவித்தால் சும்மா இருக்கும் மறு கைக்கும் பலத்தில் ஒரு பங்கு போகிறது. 1894இலேயே அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இதைக் கவனித்துவிட்டார்கள். தசை செய்யும் வேலை அல்ல இது, பெரும்பாலும் மூளையும் நரம்பும் கற்றுக்கொள்வது. கட்டுப் போட்ட கையின் பலக்குறைவை இது மட்டுப்படுத்தும் என்பதால் நாங்களே சொல்லிக்கொடுக்கிறோம்.

உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இடது கையால் தம்பெல் பிரஸும் ரோவும் செய்யுங்கள். கால்களுக்கு லெக் பிரஸ், லெக் கர்ல் போன்ற கம்பி பிடிக்க வேண்டாத இயந்திரங்கள். வலது கையில் எதையும் மாட்டித் தொங்கவிடாதீர்கள். வழுக்கி விழ வாய்ப்புள்ள பயிற்சி எதுவும் இப்போது வேண்டாம். கட்டுக்குள் வியர்வை ஊறினால் அரிக்கும். மின்விசிறிக்கு அருகில் நின்று செய்யுங்கள், உள்ளே குச்சி விட்டுச் சொறியாதீர்கள்.